எண்ணெய் பிரியாத குழம்பு

மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் விளக்குகளைப் பார்க்கப் போன மாலையில்தான் சேதுராமனுக்கு முதல் சந்தேகம் வந்தது. கடற்கரைத் திடல் முழுக்க வண்ண பல்புகள். மலாக்கா ஊரே அங்கே திரண்டிருந்தது. தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்ற கூட்டத்தில் மனைவி மீனாச்சி அவன் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பல்பு எல்லாம் அழகா இருக்கு அபாங். ஆனா ஆளுங்க மூஞ்சிதான் ஒண்ணும் தெரியல. மூஞ்சி மேல படற மாதிரி போட்டிருக்கக் கூடாதா?"

அவன் சிரித்தான். அவள் எப்போதும் அப்படி ஏதாவது குறும்பாகச் சொல்கிறவள். ஆனால் வீடு இருந்த காஜா பேராங்குக்குத் திரும்பும் வழியில், தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்த இடத்திலேயே, கண் முன்னால் கிடந்த சாக்கடைக்குள் அவள் கால் வைத்தாள். ஒரு செருப்பு தண்ணீரோடு போய்விட்டது. "போகட்டும், புது நாட்டுக்கு நம்ம காணிக்கை" என்று அதற்கும் ஒரு வேடிக்கை சொன்னாள். இந்த முறை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மீனாச்சி, மலாக்கா செட்டிகளின் குடியிருப்பான செட்டிக் கம்பத்துப் பெண். அந்தக் கம்பத்தில் கல்யாணம் என்றால் தேதி குறித்த கையோடு சமையலுக்கு அவளிடம்தான் வருவார்கள். சந்தான் என்று அவர்கள் சொல்லும் தேங்காய்ப்பாலை அவளைப்போல் அடுப்பில் ஆள யாருக்கும் தெரியாது. சேதுராமன் செமாபோக் பக்கத்துத் தமிழன். டவுனில் டாக்டர் கலியாணசுந்தரத்தின் கிளினிக்கில் மருந்து கலக்கித் தருகிற வேலை. அவள் வீட்டில் எல்லோரும் மலாய்தான் பேசினார்கள். தமிழில் சாமி பெயர்களும் உறவுப் பெயர்கள் சிலவும்தான் மிஞ்சியிருந்தன. கல்யாணத்துக்குப் பிறகு அவனிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு அதை வளைத்துப் பேசினாள்; கணவனை அழைக்கும் அபாங் மட்டும் மலாயாகவே நின்றது. அவன் அதிகம் பேசாதவன். வீட்டில் இருக்கும்போது ஒரு புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவான். அவளுடைய பேச்சு அந்த மௌனத்தைச் சுற்றி, கல்லைச் சுற்றிப் போகும் ஓடைபோலப் போய்க்கொண்டிருக்கும். இருவருக்கும் அது சரியாக இருந்தது.

அந்த வருஷத் தொடக்கத்தில் அவளுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்தது. பித்தப்பையில் கற்கள் என்று சொல்லி அறுத்து எடுத்தார்கள். மஞ்சள் இறங்கியது, காயம் ஆறியது. ஆனால் சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. ஒரு கரண்டி குழம்பு தின்றாலும் வயிறு உப்பிக்கொண்டது. கழிவது வெளுத்து, எண்ணெய் பளபளத்து, தண்ணீரில் மிதந்தது. எண்ணெயும் சந்தானும் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவள் வெறும் சோற்றையும் அவித்த மீனையும் தின்றாள். கல்யாண வீடுகளில் சமைக்கப் போனால் குழம்பை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். கன்னம் ஒட்டிப்போனது. தோல் மீன் செதில்போல் வறண்டது. இப்போது கண்.

"மாலைக்கண்" என்றார் டாக்டர் கலியாணசுந்தரம். நோயாளிகள் எல்லோரும் போன பிறகு, மருந்து அறைக்கே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். "கண்ணுக்கு வேண்டிய சத்து கொழுப்பிலே ஏறித்தான் உடம்புக்குள்ள போகும் சேது. வண்டியே உள்ள நுழையலன்னா, அதுல ஏறின ஆளு எப்படிப் போவான்? மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்தோம். அப்படியே வெளிய போயிடுது. ஊசிக்கு சிங்கப்பூருக்கு எழுதியிருக்கேன், இன்னும் வரல."

"வரலேன்னா?"

"இப்ப மங்கல்தான். கண்ணோட கருவிழி காய்ஞ்சு புண்ணாச்சுன்னா அப்புறம் எந்த மருந்தாலயும் திரும்பாது."

சேதுராமன் கையிலிருந்த கண்ணாடிக் கோலை மேசைமேல் வைத்தான். பிறகு டாக்டர் ஒரு காலிப் புட்டியில் கொஞ்சம் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினார். பால்போல் ஆயிற்று. மேசையில் வைத்ததும் எண்ணெய் மெல்ல மெல்ல ஒன்றுகூடி மேலே போய்ப் படுத்துக்கொண்டது.

"நம்ம சீரண நீரு கொழுப்புத் துளியோட வெளிப்புறத்துலதான் வேலை செய்யும். துளி பெருசா இருந்தா, உள்ள இருக்கறது தப்பிச்சுடும். அதையே ஆயிரமா உடைச்சா, எல்லாம் வெளிப்புறம்தான். பித்தநீர் அந்த வேலையத்தான் செய்யுது. உடைக்கும், உடைச்சது திரும்ப ஒட்டாமலும் பாத்துக்கும். உங்க வீட்டம்மாவுக்கு அது போதுமான அளவு வர்றதில்ல. ஈரல் தேறி வர நாளாகும்."

"வெளியிலேயே உடைச்சுக் கொடுத்தா?"

டாக்டர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "அதுக்குத்தான் உங்க கிட்ட வந்தேன்" என்றார்.

அந்த வேலை சேதுராமனுக்குத் தெரியும். மருந்து அரைக்கும் கல்வத்தில் மீன் எண்ணெயும் கருவேலம் பிசினும் இட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, ஒரே பக்கமாக விடாமல் அரைக்க வேண்டும். மணிக்கட்டு சோரும் நேரத்தில் கல்வத்துக்குள் படபடவென்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். எண்ணெய் தோற்று, துகள் துகளாகத் தண்ணீருக்குள் அடைக்கலம் புகுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். மஞ்சள் எண்ணெய் அந்த நொடியில் வெள்ளையாகிவிடும். எத்தனை வருஷமாகச் செய்தாலும் அந்த வெளுப்பைப் பார்க்கும்போது அவனுக்கு ஒரு சின்ன வியப்பு உண்டு. தன் மனைவியின் வயிற்றுக்குள் அதே வேலை யார் கையும் இல்லாமல், சத்தமும் இல்லாமல், இத்தனை காலம் நடந்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தான்.

அவளுக்கென்று தனியாக, இன்னும் மெல்லியதாக அரைத்துக் கொண்டுபோனான். முதல் நாள் ஒரு மடக்கு குடித்து, முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தாள். "செத்த மீன் ஒண்ணு உயிரோட தொண்டையில நீந்துது" என்றாள். ஆனால் அடுத்த நாளிலிருந்து புட்டி ஒழுங்காகக் குறைந்து வந்தது. பழகிவிட்டாள் என்று அவன் எண்ணினான்.

புட்டி குறைந்தது. கண் தெளியவில்லை. பொழுது சாய்ந்ததும் அவள் கூடத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். எழுந்தால், பலகைச் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே நடப்பாள். சரக், சரக் என்று அந்தச் சத்தம் கூடத்திலிருந்து சமையலறைவரை போய்த் திரும்பி வரும். அவன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு வரியும் ஓடாது.

பக்கத்து வீட்டு நாகம்மா, மீனாச்சியின் அம்மாவுக்குத் தங்கை. அம்மா போன பிறகு, மலாயில் மாக் என்று கூப்பிட, தாய் இடத்தில் இருப்பவள்; வாய் மட்டும் சும்மா இருக்காது. "விளக்கு வெச்சதும் ராணி சிம்மாசனம் ஏறிட்டாங்க" என்று வாசலிலிருந்தே சத்தம் போடுவாள். சொல்லிக்கொண்டே உள்ளே வந்து மீனாச்சியின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போவாள்.

ஒரு நாள் நண்பகலில் பெருமழை பெய்து கிளினிக்கில் ஆளே இல்லை. சேதுராமன் சாப்பிட வீட்டுக்கு வந்தான். மீனாச்சி சமையலறையில் ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் கிண்ணத்தை முந்தானையால் மறைக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள்.

"என்ன அது?"

"உங்க மருந்துதான். வெறுமனே குடிக்க முடியல லா. மீன் பிண்டாங் கொழம்பு வெச்சு அதுல ஊத்திக்கறேன். மீன் கொழம்புல மீன் எண்ண, யாருக்கு வித்தியாசம் தெரியும்?"

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவன் ஒரு கணம் மனசாரப் பாராட்டினான். பிறகு கிண்ணத்தைப் பார்த்தான். குழம்பின்மேல் மஞ்சளாக ஓர் எண்ணெய்ப் படலம், ஓரமெல்லாம் வட்ட வட்டமாக மினுங்கிக்கொண்டு நின்றது.

"இது எப்படிப் பிரிஞ்சுது?"

"எப்படின்னா? மருந்த ஊத்தினதும் தண்ணியா வெளுத்துப் போயிடுது. மறுபடி அடுப்புல வெச்சுக் கொதிக்கவிட்டு சரி பண்ணிடுவேன்." அவள் குரலில் சமையல்காரியின் பெருமை வந்திருந்தது. "பெச்சா மிஞ்ஞா ஆகணுமே. எண்ண பிரிஞ்சு மேல நிக்காத கொழம்ப மனுஷன் சாப்பிடுவானா?"

சேதுராமன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். கூரையில் மழை இரைந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வெகுநேரம் பேசாதிருந்தான். அந்த மௌனங்களின் அளவெல்லாம் அவளுக்குத் தெரியும். இது வழக்கத்தைவிட நீளம் என்று கண்டுகொண்டு கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன அபாங்?"

"எங்க கிளினிக்குல, அரைச்ச மருந்துல எண்ணெய் பிரிஞ்சுட்டா கெட்டுப்போச்சுன்னு சாக்கடையில கொட்டிடுவோம்."

"எங்க வீட்டுல பிரியலன்னாதான் கொட்டுவோம்" என்று சட்டென்று சொன்னவள், சொல்லி முடிக்கும் முன்பே நிறுத்திக்கொண்டாள். கிண்ணத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் விளக்கிச் சொன்னான். துளிகளைப் பற்றி, பித்தநீரைப் பற்றி, காலையெல்லாம் கல்வத்தில் அவன் உடைத்துக் கொண்டுவந்ததை அவள் அடுப்பு மறுபடி ஒன்றுசேர்த்துவிட்டதைப் பற்றி.

"நல்லா சமைச்சதாலதான் எனக்குக் கண்ணு தெரியலயா?" என்று கடைசியில் கேட்டாள். அன்று மாலைவரை அவள் பேசவில்லை. அந்த வீட்டில் அவன் மட்டுமே வைத்திருந்த மௌனத்தை அவளும் எடுத்துக்கொண்டபோது வீடு தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் காலையில் அவன் சட்டை மாட்டும்போது முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஸ்ரீகாயா."

"என்ன?"

"ரொட்டிக்குத் தடவற ஸ்ரீகாயா. முட்டையும் சந்தானும். அது மட்டும்தான் பிரியக் கூடாது. பிரிஞ்சா மானம் போயிடும். சின்ன தீ, விடாம கிண்டணும். கொழம்பயே அப்படிப் பண்ணினா?"

அவன் டாக்டரிடம் போய்ச் சொன்னான். டாக்டர் மேசையில் தட்டிச் சிரித்தார். "மஞ்சள் கருவா! சரியாத்தான் பிடிச்சிருக்காங்க. எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிக்கற லெசித்தின்னு ஒண்ணு அதுல இருக்கு. அதே சரக்கு நம்ம பித்தநீர்லயும் இருக்கு, தெரியுமா? கோழி தன் குஞ்சுக்காக வெச்சதும், நம்ம ஈரல் நமக்காக வெச்சதும் ஒரே சாமான்." அவருக்கே அது புதிதாகத் தோன்றியதுபோல் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் கொஞ்சமா, பல வேளையா சாப்பிடச் சொல்லுங்க. ஊசி இன்னும் வரல; சந்தான் கருவோட சேர்ந்தா பரவாயில்ல. அவசரப்பட வேணாம்."

கொஞ்சம் கொஞ்சமாக என்பது மீனாச்சியின் அகராதியில் இல்லாத சொல். முதல் சட்டியில் கரு வெந்து திரிதிரியாகிவிட்டது. அடுத்ததில் புளி சந்தானைக் கிழித்துவிட்டது. அவள் ஏசிக்கொண்டே கற்றாள். புளியையும் மசாலாவையும் மீனையும் முதலில் தண்ணீரிலேயே வேகவைத்து, சட்டியை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டாள். தனிக் கிண்ணத்தில் மஞ்சள் கருவை அடித்து, மீன் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது கெட்டியாகி வெளுத்த பிறகு கெட்டிச் சந்தான், அதன் பிறகு குழம்பு, ஒவ்வொரு கரண்டியாக.

சேதுராமன் அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது கல்வத்தில் சுற்றும் தன் மணிக்கட்டேதான். இன்னும் அழகாகச் சுற்றியது. தன் பேருக்கும் பழக்கத்துக்கும் நேர்மாறான ஒன்றை, இத்தனை கவனமாக ஒருத்தியால் செய்ய முடியும் என்பதை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கையால் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், தெரிந்த ஒன்றை மறப்பது எவ்வளவு பாடு என்று.

"நல்லா இருக்கா?" என்றான்.

"கேவலமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வழித்துத் தின்றாள்.

கழிவது மிதக்கிறதா மூழ்குகிறதா என்று, தண்ணீர் வைத்த பானையில் போய்ப் பார்க்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். சில நாள் நன்றாக இருந்தது, சில நாள் மறுபடி பழைய கதையானது. பிறகு ஒரு விடியற்காலை பின்கட்டிலிருந்து அவள் கூவினாள்: "அபாங்! தெங்கெலாம்! மூழ்கிடுச்சு!"

வேலிக்கு அந்தப் பக்கம் நாகம்மாவின் ஜன்னல் திறந்தது. "என்னடி, எந்தக் கப்பல் மூழ்கிடுச்சு?"

சேதுராமன் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான்.

அதற்குப் பிறகு வயிறு மெல்லச் சொன்னபடி கேட்டது. கன்னத்தில் சதை வைத்தது, தோல் மிருதுவானது. கண்ணைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். மாலையில் அந்தச் சரக் சரக் மட்டும் தொடர்ந்து கேட்டது.

போகி வந்தது. செட்டிக் கம்பத்தில் அன்றைக்குப் பார்ச்சு. வீட்டில் இறந்தவர்களுக்கு வாழை இலையில் அவர்கள் விரும்பியதைப் படைக்கும் நாள். படைக்கும்வரை யாரும், சமைக்கிறவளும்கூட, எதையும் ருசி பார்க்கக் கூடாது. படைத்த பிறகு அதே சோற்றை, அதே குழம்பை வீடு முழுக்கச் சேர்ந்து தின்ன வேண்டும். அன்றைக்குத் தனிச் சட்டி என்பது கிடையாது. மீனாச்சியின் அம்மா இலைக்கு எப்போதும் மீன் பிண்டாங்தான்.

"நீ வழக்கம்போல வெச்சுடு. உனக்கு வெறும் சோறு போதும். ஒரு நாள்தானே" என்றான் சேதுராமன்.

"எங்க அம்மாவோட உக்காந்து சாப்பிடற நாள்ல நான் வெறும் சோறு திங்கணுமா?"

"அப்ப எண்ணெய் பிரிஞ்சத சாப்பிடுவியா? இவ்ளோ நாள் பட்ட பாடு?"

அவள் தேங்காயைத் துருவிக்கொண்டே யோசித்தாள். பிறகு, "எல்லாருக்குமே என் கொழம்புதான்" என்றாள்.

"நாகம்மா மாக் என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும்."

"மீன் எண்ணெயுமா ஊத்துவ?"

"அம்மாவுக்கும் கொஞ்சம் வேணும்" என்றாள், துருவலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க இருட்டாத்தானே இருக்கும்."

அவன் இன்னொரு தேங்காயை உடைத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் படையல் முடிந்தது. இலைகளின் முன் மெழுகுவத்தியும் சாம்பிராணியும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு உறவுக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். இறந்தவர்கள் உள்ளே வந்து சாப்பிடட்டும் என்று வெளியே இருப்பவர்கள் மூச்சடக்கி நிற்கும் நேரம் அது. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்ததிலிருந்து சேதுராமனுக்கு வருஷத்து நாட்களில் இதைவிடப் பிடித்த நேரம் வேறில்லை. ஆனால் இன்றைக்கு அந்த அமைதியில் அவனால் நிற்க முடியவில்லை. நாகம்மா பட்டுக் கெபாயாச் சட்டை அணிந்து, முன்பக்கத்தைச் சங்கிலியால் இணைந்த மூன்று பொன் ஊக்குகளால் கோத்து, நிமிர்ந்து நின்றிருந்தாள். சட்டியை அவள் இன்னும் பார்க்கவில்லை.

கதவைத் திறந்து உள்ளே போனார்கள். தெருவில் வெளிச்சம் போய்விட்டிருந்தது. கூடத்தில் மெழுகுவத்திகள் மட்டும். நாகம்மா பாயில் உட்கார்ந்து, குழம்புச் சட்டியை மெழுகுவத்திப் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தாள்.

"இது என்னடி மீனாச்சி? பாலா, கஞ்சியா?"

மீனாச்சி எதிர்ப்பக்கம், சுவரோரம் நின்றிருந்தாள்.

"ஒரு சொட்டு எண்ண மேல வரல. உங்க அம்மா இருந்திருந்தா இலைய விட்டு எழுந்து போயிருப்பா. ஊருக்கெல்லாம் கல்யாணச் சோறு போடற கை, பெத்தவளுக்குப் பச்சச் சந்தானா ஊத்தும்?"

சேதுராமன் வாயெடுத்தான். துளிகள், பித்தநீர், எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. மீனாச்சி அதற்குள் பேசிவிட்டாள்.

"மாக், உங்க நடு ஊக்கு கழண்டு தொங்குது. விழுந்துடப் போகுது, பாத்துக்கோங்க."

நாகம்மாவின் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது. நடு ஊக்கு உண்மையாகவே கழன்று, சங்கிலியின் ஒரு கண்ணியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அவள் அதை மாட்டப் போனவள், விரல்கள் அப்படியே நிற்க, தலையைத் தூக்கினாள். மெழுகுவத்திக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இருட்டைப் பார்த்தாள். எத்தனையோ சாயங்காலம் மீனாச்சியின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனவள் நாகம்மாதான்.

"அங்கேருந்தா தெரியுது உனக்கு?"

"தெரியுது."

"எப்பலேருந்துடி?"

"மெல்ல மெல்லத்தான் மாக். இன்னிக்குத்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு."

நாகம்மா ஊக்கை மாட்டினாள். அதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, தன் இலையை முன்னுக்கு இழுத்தாள்.

"ஊத்து."

மீனாச்சி வந்து ஊற்றினாள். வெளுத்த, மழமழவென்ற அந்தக் குழம்பு சோற்றில் இறங்கியது. நாகம்மா பிசைந்து ஒரு வாய் தின்றாள். எல்லோரும் அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு பத்தல" என்றாள்.

"ருசி பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"அதுக்காக உப்பே போடக் கூடாதுன்னா சொன்னேன்? போய் எடுத்துட்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். மீனாச்சி சமையலறைப் பக்கம் போனாள். அங்கே விளக்கு ஏற்றியிருக்கவில்லை. சேதுராமன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் காலடி போனது. உப்புச் சாடியின் மூடி திறந்து மூடியது. காலடி திரும்பி வந்தது. சுவரில் கை தேயும் சத்தம் மட்டும் எங்கும் கேட்கவில்லை.